கோடி என்று எழுதிய ஆணை

அண்மையில், புதிதாகப் பணியில் சேர்ந்த ஓவர்சியர்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பில் ஓய்வு பெற்ற இருவரை அழைத்து அனுபவம் சொல்லச் சொன்னார்கள். அவர்களில் நான் ஒருவன். முதலில் திரையில் ஒரு வரைபடம் காட்டினார்கள். ஏரி நீலம், நீர் போகும் வழி வெளிர்நீலம், வீடு கட்டத் தகாத நிலம் சிவப்பு. மாறிவரும் மழையையும் வெயிலையும் மனத்தில் கொண்டு நிலத்தை எப்படிப் பங்கிட வேண்டும் என்று ஒரு பெண் அதிகாரி அழகாக விளக்கினார். நானும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு இளைஞர் ஒருவர் எழுந்து, “சார், உங்க காலத்துல தண்ணி போற எடத்துல வீடு கட்ட விட்டீங்களா, விடலையா?” என்று என்னைக் கேட்டார்.

ஒரு சொல்லில் முடிய வேண்டிய பதில். ஆனால் விட்டோம் என்றாலும் பொய், விடவில்லை என்றாலும் பொய். ஏதோ பொதுவாகப் பேசி அமர்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனம் அடங்கவில்லை. மறுநாள் காலை பாசுரம் சேவிக்கும்போது இடையில் ஓரடி விட்டுப்போயிற்று. அப்படி எனக்கு நேர்வதில்லை. ஆகையால் அந்தப் பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் தெளியும் என்ற உறுதி எனக்கு இல்லை.

திருமழிசைக்கு அருகே பிறந்தவன் நான். சிறு வயது முதல் கோயில் கோஷ்டியில் நின்று பாசுரம் சொல்லி வளர்ந்தேன். டிப்ளமா படித்து, அளவைச் சங்கிலி பிடித்து, செங்கற்பட்டுப் பக்கம் சில ஆண்டுகள் கிணறும் பள்ளிக்கூடச் சுவரும் சிறு பாலங்களும் கட்டியதில் பயிற்சிக் காலம் கழிந்தது. எண்பதுகளின் நடுவில் பூந்தமல்லிக்கு மேற்கே ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கு ஓவர்சியராக மாற்றலாகி வந்தேன். அதுவரை கட்டுவது என் வேலை. அங்கே, கட்டலாமா என்று பார்த்துச் சொல்வதும் என் வேலையாயிற்று.

ஆவடியிலும் அம்பத்தூரிலும் தொழிற்சாலை வேலையில் இருந்தவர்கள் சொந்த வீடு தேடி மேற்கே வரத் தொடங்கிய காலம் அது. நேற்று நெல் விளைந்த வயலில் இன்று வெள்ளைக் கல் நட்டிருப்பார்கள். வீடு கட்ட விரும்புகிறவர் வரைபடத்தோடு ஊராட்சித் தலைவரிடம் மனுக் கொடுப்பார். தலைவர் ஒன்றியத்துக்கு அனுப்புவார். நான் போய் நிலத்தைப் பார்த்து, தெருவின் அகலம், தரையின் மட்டம், மழைநீரின் போக்கு ஆகியவற்றைக் குறித்து வருவேன். ஐயமான இடமென்றால் ஒன்றிய ஆணையரே நேரில் வருவார்.

ஆணையர் அருணாசலம் திருநெல்வேலிச் சீமைக்காரர். ஒல்லியான உடம்பு, எந்த வெயிலிலும் கறுப்புக் குடை. நிலம் பார்க்கப் போனால் செருப்பை ஜீப்பிலேயே விட்டுவிட்டு இறங்குவார். யார் நாற்காலி கொண்டுவந்து போட்டாலும் உட்கார மாட்டார். வரைபடத்தை வாங்கி என்னிடம் கொடுத்துவிடுவார், பார்க்க மாட்டார். ஊரில் வைக்கோல்போர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். பிறகு எதிர்ப்படும் பெண்களிடம், மழைக்காலத்தில் விறகையும் வரட்டியையும் எங்கே அடுக்குகிறீர்கள் என்று கேட்பார். வைக்கோல்போரும் வரட்டியும் இருக்கும் இடம் ஊரின் மேடு; மழைக்கு முன் அவற்றை எங்கிருந்து அகற்றுகிறார்களோ அதுதான் தண்ணீர் வரும் வழி. அதற்குப் பிறகே தரைமட்டம் அளக்கும் லெவல் கருவியை நிறுத்தச் சொல்வார். பெரும்பாலும் கருவியும் வரட்டியும் ஒன்றையே சொல்லும். இரண்டும் மாறுபட்டால் மறுபடி அளக்கச் சொல்வார். அவர் வரட்டியைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

ஆணை எழுதுவதில் அவருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. எழுதியதை இரண்டு முறை உரக்கப் படிப்பார். முதல்முறை அதைப் பெற்றுக்கொள்பவனாகப் படிப்பார். இரண்டாம் முறை அதை எதிர்ப்பவனாக. இரண்டாவது வாசிப்பில் குரலே மாறிவிடும். “இதுல எங்கனயாவது ஓட்டை இருக்கா? நான் எதிராளி, சொல்லுதேன், கேளுங்க,” என்று எங்களோடு வாதாடுவார். அலுவலகத்தில் எழுத்தர்கள் குனிந்து சிரிப்பார்கள். ஆனால் அவர் ஆணையை யாரும் மறுத்து வழக்காடி நான் பார்க்கவில்லை, புன்னைத்தாங்கல் ஆணை வரும்வரை.

ஊரின் பெயரை மாற்றி எழுதுகிறேன். குத்தம்பாக்கத்துக்கு வடக்கே, ஓர் ஏரியை ஒட்டிய சிற்றூர். மேற்கே ஏரிக்கரை. கரையின் வடகோடியில் ஏரி நிரம்பினால் மிகுதி நீர் வழிந்தோடக் கருங்கல்லால் கட்டிய வழி. கரையிலிருந்து கிழக்கே ஒரே தெரு. நாலைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏரி நிரம்பி வழிந்தால் வடக்குப் பக்கத்து வயல்களில் பரவி அடுத்த ஏரிக்குப் போய்விடும். அந்த வயல்களில் கல் நட்டு மனை விற்கத் தொடங்கியிருந்தார்கள். விற்றவர் ஊராட்சித் தலைவரின் மைத்துனர். அதைத் தடுக்கவே ஆணையர் ஆணை எழுதினார்.

மிகுதி நீர் வழியும் அந்த இடத்தைத் தம் ஊர் வழக்கப்படி அவர் முதலில் ‘மறுகால்’ என்று எழுதினார். பிறகு என்னைக் கேட்டார்.

“இங்கன மறுகாலை என்னன்னு சொல்லுதீங்க, வரதராசன்?”

“கோடி என்பார்கள், ஐயா. ஏரி வழிந்தால் ‘கோடி போவுது’ என்பார்கள்.”

“அப்ப அதையே போடுங்க. படிக்கிறவனுக்குப் புரியாத சொல்லு ஆணையில எதுக்கு?”

‘புன்னைத்தாங்கல் கிராமத்தில் கோடியில் அமைந்துள்ள மனைகளில் வீடு கட்ட அனுமதி வழங்கலாகாது’ என்று ஆணை அமைந்தது. வழக்கம்போல் இருமுறை படித்தார். எதிராளியாகவும் படித்தார். எங்களில் எவருக்கும் ஓட்டை தெரியவில்லை.

கோடி என்றால் எண். கோடி என்றால் புதுத்துணி. கோடி என்றால் வளைவு. கோடி என்றால் முனை. பாசுரத்துக்கு உரை சொல்பவர் ஒரு சொல்லுக்கு ஐந்து பொருள் சொன்னால் அதை நயம் என்று கொண்டாடுகிறோம். ஆணையில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வந்தால் அது வழக்காகிவிடுகிறது.

சில வாரங்கள் கழித்து ஒரு கணவனும் மனைவியும் அலுவலகத்துக்கு வந்தார்கள். அவர் பெயர் சவரிமுத்து. ஆவடித் தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்தவர். மனைவி ஆரோக்கியம். பொங்கல் கழிந்ததும் அவருக்கு ஓய்வு. ஓய்வு பெற்றால் தொழிற்சாலைக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். புன்னைத்தாங்கலில் ஏற்கெனவே மனை வாங்கி, கிணறு தோண்டி, கடைக்கால் போட மண்ணும் வெட்டியிருந்தார்கள். தலைவர் அவர்கள் மனுவை மேலே அனுப்பாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். காரணம், கோடி மனைக்கு அனுமதி இல்லை.

“எங்க மனை தெருக்கோடில கீது சார்,” என்றார் சவரிமுத்து. “ஏரி ஒரு மூலை, நாங்க ஒரு மூலை.”

ஆரோக்கியம் அவரைப் பேசவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தார். பிறகு ஆணையரை நேராகப் பார்த்துச் சொன்னார்: “கோர்ட்டர்ஸ காலி பண்ணச் சொல்றவங்க, கோடின்னா இன்னா அர்த்தம்னு கேட்டுகினு நிக்கமாட்டாங்க சார்.”

ஆணையர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அன்றே அவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனோம்.

தலைவர் மரியாதை தெரிந்தவர். எங்களுக்கு இளநீர் வெட்டச் சொல்லிவிட்டுத் தாமும் நின்றுகொண்டே பேசினார். “ஐயா, நீங்க கோடின்னு போட்டு அனுப்ச்சீங்க. நான் தெருக்கோடின்னு எடுத்துக்கினேன். ஏரிக்கோடின்னு போட்டிருந்தா ஏரிக்கோடின்னு எடுத்துக்கினு இருப்பேன். நான் இன்னா தமிழ் வாத்தியாரா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆணையர் சிரிக்கவில்லை. தெருக்கோடியில் மனை வாங்கியவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து வந்த கிறித்தவக் குடும்பங்கள். ஊரில் அவர்களுக்கு வாக்கு இல்லை. ஏரிக்கோடியில் விற்பவரோ மைத்துனர். ஆகவே இது வேண்டுமென்றே செய்த திருகல் என்று எனக்கு முதலில் தோன்றியது. ஆனால் விசாரித்தபோது, தெருக்கோடியில் தலைவரின் சொந்த அண்ணன் மகனுக்கும் ஒரு மனை இருந்தது. அவன் மனுவையும் இதே காரணம் சொல்லித் திருப்பியிருந்தார். வீட்டில் பெரிய சண்டையாகி அண்ணன் பேச்சு வார்த்தையை நிறுத்திவிட்டிருந்தார். திருகல் செய்கிறவர் தம் வீட்டிலேயே ஏன் சண்டை இழுத்துக்கொள்ள வேண்டும்? நேர்மையாகத்தான் தவறாகப் படித்தாரா? இன்றும் எனக்கு விளங்கவில்லை. ஜீப்பில் திரும்பும்போது ஆணையரிடம் கேட்டேன். “அவருக்கே தெரியுமோ என்னவோ,” என்றார்.

அன்று நாங்கள் தெருக்கோடியை முதலில் பார்த்தோம். வரிசையாக வைக்கோல்போர்கள். வரட்டி அடுக்கும் இடமும் அதுதான் என்று பெண்கள் சொன்னார்கள். ஊரின் மேடு. ஐயத்துக்கே இடமில்லை. ஆணையர் அனுமதி தருவதாகச் சொல்லிவிட்டார். ஆரோக்கியம் கைகூப்பவில்லை. “எழுதிக் குடுங்க சார்,” என்று மட்டும் கேட்டார்.

பிறகு ஏரிக்கோடிக்கு நடந்தோம். சவரிமுத்துவும் கூட வந்தார். கோடிக்குக் கீழே, தண்ணீர் பரவிப் போக வேண்டிய வயல்களுக்குக் குறுக்கே, மனைகளுக்குப் போவதற்காகக் கிராவல் மண் கொட்டி ஒரு சாலை போட்டிருந்தார்கள். நல்ல உயரம். அதற்கு அப்புறத்தில் ஒருவர் கயிறு கட்டிக் கடைக்கால் குறித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் நிமிர்ந்தார்.

“வா மாமே. ஆபீசரையே இட்டுகினு வந்துட்டியா?”

சவரிமுத்து தரையைப் பார்த்தார். பிறகு ஆணையரிடம் சொன்னார்: “முனுசாமி சார். ரெண்டு பேரும் ஒரே ஷாப்பு. மனை கீதுன்னு நான்தான் இவனை இந்த ஊருக்கு இட்டாந்தேன். தெருக்கோடில தீந்துபோச்சி, இங்க வாங்கிக்கினான்.”

ஆணையர் கருவியை நிறுத்தச் சொன்னார். நான் மட்டம் எடுத்தேன். எடுத்ததை நம்பாமல் மீண்டும் எடுத்தேன். புதிய சாலையின் மேற்பரப்பு தெருக்கோடியைவிட மூன்று முழம் உயரமாக இருந்தது. அதாவது, இனி ஏரி வழிந்தால் வடக்கே பரவாது. சாலையில் முட்டி நின்று, தெற்கே திரும்பி, வைக்கோல்போர்கள் நிற்கும் தெருக்கோடிக்குத்தான் போகும். ஊராட்சியில் ஆணையைத் தவறாகப் படித்திருந்தார்கள். அவர்கள் படித்தபடியே நிலம் மாறியிருந்தது.

அதை ஆணையரிடம் சொன்னேன். அவர் குடையை மடக்கி வெயிலில் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

சவரிமுத்துவுக்கு அனுமதி கொடுத்தார். ஆணையில் ‘ஏரி’ என்ற சொல்லைச் சேர்த்துத் திருத்தி அனுப்பினார். சாலையின் நடுவே தண்ணீர் போக வழிவிட்டு வெட்ட வேண்டும் என்று தனி ஆணையும் போட்டார். தலைவர் ஆகட்டும் என்றார். ஆனால் ஏரிக்கோடியில் மனை வாங்கியவர்கள் எல்லாரும் ஒன்றாகக் கையொப்பமிட்டு ஒன்றியப் பெருந்தலைவரிடம் போனார்கள். அவர்களும் தொழிலாளர்கள், அவர்களுக்கும் காலி செய்ய வேண்டிய குடியிருப்புகள் இருந்தன. விசாரணை முடியும்வரை சாலை இருந்தபடி இருக்கட்டும் என்று மேலிருந்து கடிதம் வந்தது. விசாரணை தொடங்கவே இல்லை. அதற்குள் முனுசாமி அனுமதி இல்லாமலே சுவர் எழுப்பி ஓடு வேய்ந்துவிட்டார். சவரிமுத்துவும் தளம் போட்டு, ஓய்வுக்கு முன்னதாகவே குடிவந்துவிட்டார். அனுமதி பெற்ற வீடு ஒன்று, பெறாத வீடு ஒன்று. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் கொத்தாள் வேலை பார்த்ததாகக் கேள்விப்பட்டேன்.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. கோடி போகிறது என்று காலையில் ஆள் வந்து சொன்னான். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கணக்குப் போட்டபடியே எல்லாம் நடந்திருந்தது. ஏரித் தண்ணீர் கிராவல் சாலையில் முட்டித் திரும்பித் தெருக்கோடியில் நின்றது. சவரிமுத்து வீட்டில் ஜன்னல் விளிம்புவரை தண்ணீர். ஊரில் அனுமதிச் சீட்டு பெற்று, வரைபடத்தில் உள்ளபடி, ஓரடி தவறாமல் கட்டிய வீடு அது ஒன்றுதான். முனுசாமியின் வீடு சாலைக்கு அப்புறம் காய்ந்த தரையில் நின்றது. சவரிமுத்துவின் குடும்பம் கட்டில், பீரோ, பாத்திரம், மாதா படம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அங்கேதான் போயிருந்தது.

ஆணையர் மண்வெட்டியும் கடப்பாரையுமாக ஆட்களைக் கூட்டி வந்திருந்தார். சாலையை வெட்டினால் தெருக்கோடித் தண்ணீர் வடிந்துவிடும். வெட்டினால் அது நேரே முனுசாமி வீட்டுக்குள் போகும். எந்தக் குடும்பத்துக்காக வெட்ட வந்தோமோ அந்தக் குடும்பம் அதே வீட்டுக்குள் இருந்தது.

சவரிமுத்து தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் ஓடி வந்தார். “வெட்டாதீங்க சார். எங்க சாமான் செட்டெல்லாம் இந்த ஊட்லதான் கீது. அவனுக்குக் கொழந்த வேற கீது.”

ஆரோக்கியம் முனுசாமி வீட்டு வாசற்படியில் நின்றார். அவருக்குப் பக்கத்தில் முனுசாமியின் மனைவி இடுப்பில் பெண்குழந்தையோடு நின்றாள்.

“வெட்டுங்க சார்,” என்றார் ஆரோக்கியம். “என் ஊட்டுக்கு நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க. இந்த ஊட்டுக்கு யார் குடுத்தது?”

எல்லாரும் கேட்கும்படி, அந்த வீட்டுப் படியிலேயே நின்று சொன்னார். முனுசாமியின் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் விலகிப் போகவில்லை. குழந்தையை ஆரோக்கியத்தின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் பாயைச் சுருட்டத் தொடங்கினாள்.

ஆணையர் என் பக்கம் திரும்பினார். எத்தனையோ இடங்களில் அவர் கண்ணசைவுக்காக நான் காத்து நின்றிருக்கிறேன். அன்று அவர் என் முகத்தைப் பார்த்தார். காலையில் சொன்ன பாசுரம் ஒன்று என் உதட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பொருள்கூட எனக்கு அப்போது எட்டவில்லை.

முனுசாமிதான் முடித்துவைத்தார். கடப்பாரைக்காரனிடம் போய், “வெட்டு அண்ணாத்தே. ஏரி இன்னா, பர்மிஷன் கேட்டுகினா வருது?” என்றார். பிறகு நண்பரிடம், “நீ அந்தப் பக்கம் பீரோவைப் புடி மாமே,” என்று சொல்லி உள்ளே போனார்.

சாமான்களைச் சாலைமேல் ஏற்றும்வரை ஆணையர் காத்திருந்தார். பிறகு வெட்டச் சொன்னார். எங்கே வெட்டுவது என்று நான் காலால் கோடு கிழித்துக் காட்டினேன். மண் கொஞ்ச நேரம் தாங்கியது. பிறகு தானாகவே இடிந்து வழிவிட்டது. மாலைக்குள் தெருக்கோடி வீட்டில் தரை தெரிந்தது, மேலே ஒரு கை அளவு வண்டலோடு. முனுசாமி வீட்டில் முழங்கால் தண்ணீர். காலையில் வடக்கே போன அதே கட்டிலும் பீரோவும் மாதா படமும் மாலையில் தெற்கே திரும்பின. கூடவே முனுசாமி வீட்டுப் பெட்டிகளும்.

மார்கழி முழுவதும் இரண்டு குடும்பங்களும் அந்த ஒரே வீட்டில் இருந்தன. நான் ஒருமுறை போனபோது வாசலில் முனுசாமியின் மனைவி போட்ட கோலமும் நிலைக்கு மேலே கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் இருந்தன. இரண்டு பெண்களும் பேசிக்கொண்டார்களா, பேசாமலே சமைத்தார்களா என்று தெரியவில்லை. கேட்க எனக்குத் துணிவில்லை.

தண்ணீர் வற்றியதும் முனுசாமியின் வீட்டு வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அதைக் கொடுக்க நான் போனேன். பழைய சுவரைப் பிரித்துவிட்டுக் கருங்கல் வைத்துப் புதிதாக உயர்த்திக்கொண்டிருந்தார்கள். கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் சவரிமுத்து. யார் வீட்டால் தம் வீடு மூழ்கியதோ அந்த வீட்டுக்கு அவர் கல் சுமந்துகொண்டிருந்தார்.

“என்னங்க இது?” என்றேன்.

“ரெண்டு கண்ணு வெச்சிக்கினு கட்டறோம் சார். ரோட்டுக்கு அடியில நீங்க வெக்கிறீங்களே, அதான். மேல நாம, கீழ ஏரி,” என்றார் சவரிமுத்து.

சிறு பாலத்தின் அடியில் தண்ணீர் போக விடும் வழியைத்தான் எங்கள் தொழிலில் கண் என்போம். கடைக்காலில் அப்படி இரண்டு கண்கள் விட்டிருந்தார்கள். ஆரோக்கியம் ஒரு கல்மேல் உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பத்தாதுன்னு சொல்லுங்க சார்,” என்றார் என்னிடம். “இவங்க கண்ணு சின்னதா வெச்சா முழுவுறது என் ஊடு.”

கோடியின் நீளம் எனக்குத் தெரியும். வெட்டிய இடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஓடியது என்பதும் தெரியும். வீட்டு வேலையை நிறுத்தும் உத்தரவு பையில் இருக்க, என் வாய் தானாகக் கணக்குச் சொன்னது: இரண்டு போதாது, மூன்று வேண்டும்; ஒவ்வொன்றும் நாலடி அகலமாவது இருக்க வேண்டும். ஆரோக்கியம் முனுசாமியைப் பார்த்தார். முனுசாமி கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் வைத்த கல்லைப் பெயர்த்தார்.

அதன்பின் ஆணையரே வந்தார். செருப்பை ஜீப்பில் விட்டுவிட்டு, சேற்றில் குந்தி, ஒரு கண்ணின் வழியாக அந்தப் பக்கத்து வெளிச்சத்தைப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

“இது வீடா, பாலமா?”

“தெரியவில்லை, ஐயா.”

“பாலம்னா நாம கட்டிக் கொடுக்கணும். வீடுன்னா இடிக்கணும்.” சற்றுப் பொறுத்துச் சொன்னார்: “அடுத்த மழை வரட்டும், பாப்போம்.”

அடுத்த மழைக்கு முன் அவர் பதவி உயர்ந்து வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. மற்ற மனைக்காரர்களில் சிலர் முனுசாமியைப் பார்த்துக் கண் விட்டுக் கட்டினார்கள். சிலர் மண் கொட்டி நிரவினார்கள். ஒரு பள்ளத்துக்கு இரண்டு சட்டம் நடந்தது. அல்லது சட்டமே நடக்கவில்லை. எது சரியான சொல் என்று தெரியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏரி மறுபடியும் நிரம்பியது. கோடி போகிறது என்று கேள்விப்பட்டு நான் மட்டும் சைக்கிளில் போனேன். முனுசாமி வீட்டில் ஆண்கள் இருவரும் வாசலில் குப்புறப் படுத்துக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சவரிமுத்து ஒரு நீண்ட கழியால் கண்ணை அடைத்த செத்தையைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். மூன்று கண்களிலும் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போயிற்று. என்னை உள்ளே அழைத்தார்கள். தரை லேசாக அதிர்ந்தது. தூளியில் முனுசாமியின் இரண்டாவது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மேலே குழந்தை தூங்கியது. கீழே ஏரி போய்க்கொண்டிருந்தது. வெள்ளத்தின் மேல் கண்வளர்பவனை அன்றாடம் சேவித்து வருபவன் நான். ஆனாலும் அந்த இடத்தில் கைகூப்புவதா, இது ஆகாது என்று எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் வெளியே வந்தேன்.

தெருக்கோடிக்கு நடந்தேன். அங்கும் தண்ணீர் வந்திருந்தது. ஆரோக்கியம் தம் வீட்டு மேல் படியில் உட்கார்ந்திருந்தார். அடுத்த கீழ்ப்படி தண்ணீருக்குள் இருந்தது. என்னை வரச் சொல்லவில்லை. தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

“அங்க போவுதா சார்?”

“போகிறது அம்மா.”

“நிக்காம போவுதா?”

“நிற்காமல் போகிறது.”

தண்ணீர் மேல் படிக்கு ஏறுகிறதா என்று அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்; ஏறவில்லை. பிறகு எழுந்து, புடவையின் நனைந்த கரையைப் பிழிந்துவிட்டு, அடுப்பு மூட்ட உள்ளே போனார்.